சைக்கிள் சக்கரமும் ஊர்க் கடையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாறு

சைக்கிள் சக்கரத்தைத் தொழிற்சாலைப் பொருள் என்றே பலரும் எண்ணுவர். ரிம், ஹப், கம்பி, நிப்பிள் ஆகிய நான்கும் தொழிற்சாலையில் செய்யப்படுபவைதான். ஆனால் தமிழ்நாட்டில் நீண்ட காலம் இந்த நான்கையும் சேர்த்துச் சக்கரமாகக் கட்டிய இடம் ஊர்ச் சைக்கிள் கடை. அறுந்த கம்பியை மாற்றியதும், நெளிந்த ரிம்மை நேராக்கியதும், பழைய ஹப்பில் புது ரிம் பூட்டியதும் அங்கேதான். இன்று கட்டி முடித்த சக்கரம் பெட்டியில் வருகிறது. இணையத்தில் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. சக்கரத்தை வாங்குவதா, உள்ளூரில் கட்டிக்கொள்வதா என்ற கேள்வி புதிது போலத் தோன்றும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. தேனி மாவட்டத்தில் மேகமலையின் அடிவாரத்தில் விரியும் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து அக்கதையை இக்கட்டுரை சொல்கிறது.

பள்ளத்தாக்கும் சாலையும்

கம்பம் பள்ளத்தாக்கின் ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள எல்லைத் தொடர், மறுபுறம் மேகமலைத் தொடர். நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். 1895 அக்டோபர் 10 அன்று பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கு இருபோக நெல் நிலமாயிற்று. பின்னர் திராட்சை, வாழை, தென்னை எனப் பயிர்கள் பெருகின. நாள்தோறும் வயலுக்கும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டிய ஆட்கள் பெருகினர்.

மதுரையிலிருந்து வந்த ரயில் பாதை 1928இல் போடிநாயக்கனூரை எட்டியது. தேனியைத் தொட்டு அது போடிப் பக்கம் திரும்பிவிட்டதால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு ரயிலே கிடையாது. தேனியிலிருந்து கம்பம் வரை சுமார் 40 கி.மீ. தொலைவுக்குச் சாலை ஒன்றுதான் வழி. போடிப் பாதையும் அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

சைக்கிளுக்கு ஏற்ற நிலம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். சின்னமனூர் முதல் கூடலூர் வரை பெரிய ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 கி.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரு மணி நேரத்துக்குள் மிதித்துவிடக்கூடிய தூரம். சாலை தெற்கு நோக்கி மெல்ல ஏறுகிறதே தவிர லோயர் கேம்ப் வரை பெரிய ஏற்றம் இல்லை. மலை தொடங்கும் இடத்தில் சைக்கிளின் எல்லை முடிந்துவிடும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலை கொண்டை ஊசி வளைவுகளோடு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிறது. மணலாறு, ஹைவேவிஸ், வெண்ணியாறு, இரவங்கலாறு ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்குப் பேருந்தும் ஜீப்பும்தான் துணை. கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிளை அங்கே தள்ளிக்கொண்டுதான் போக முடியும்.

மரச் சக்கரமும் கம்பிச் சக்கரமும்

சைக்கிளுக்கு முன் இந்தச் சாலைகளில் ஓடிய சக்கரம் மாட்டுவண்டியுடையது. அதன் பாகங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், வெளிவட்டமான வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா, சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி. மரத்தைத் தச்சரும் பட்டாவைக் கொல்லரும் செய்தனர். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி வட்டையில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சக்கரம் முழுக்க முழுக்க ஊரில் பிறந்தது, ஊரிலேயே பழுது பார்க்கப்பட்டது.

மாட்டுவண்டியில் பாரத்தைத் தாங்குவது அச்சுக்குக் கீழே நிற்கும் ஆரக்கால். அது தூண் போல அமுங்கி நின்று சுமக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் கதை வேறு. 2 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி தூணாக நிற்க முடியாது, அமுக்கினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இறுக்கி இழுத்து வைக்கிறார்கள். இந்த எண்ணத்தை ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி 1808ஆம் ஆண்டிலேயே பறக்கும் பொறிகளுக்காக எழுதிவைத்தார். சைக்கிளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பாரிஸைச் சேர்ந்த யூஜின் மெய்யர், ஆண்டு 1869. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகக் கிளம்பாமல் தொடுகோடாகச் சாய்ந்து கிளம்பின. இதனால் பெடலின் முறுக்கு விசையைச் சக்கரம் தாங்க முடிந்தது. இன்றைக்கும் பெரும்பாலான சைக்கிள்களின் பின்சக்கரம் அந்த முறையில்தான் கட்டப்படுகிறது. 1885இல் வந்த ரோவர் சைக்கிளும், 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் சேர்ந்தபோது இன்று நாம் அறியும் சைக்கிள் உருவாகிவிட்டது.

அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். பாரம் ஏறும்போது மேல் கம்பிகள் கூடுதலாக இழுபடுவதில்லை, தரையை ஒட்டியுள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது முன்பே இறுக்கப்பட்ட கம்பி கொஞ்சம் தளர்வதன் மூலம் சுமக்கிறது. முழுக்கத் தளர்ந்துவிட்டால் கம்பியின் தலை ஹப்பில் அசையத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை தளர்ந்து, ஒருநாள் வளைவில் அறுந்துபோகும். இளகிய கம்பியே முதலில் அறும் என்பது எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

பெட்டியில் வந்த சைக்கிள்

இந்தியாவுக்கு முதலில் வந்த சைக்கிள்கள் இறக்குமதியானவை, பெரும்பாலும் பிரிட்டிஷ் தயாரிப்புகள். ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகிய பெயர்கள் தமிழ் வீடுகளில் பழகியது அப்போதுதான். 1930களில் விலை குறைந்த ஜப்பானிய சரக்கும் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் ஓட்டிய வண்டி மெல்ல ஆசிரியர், தபால்காரர், கணக்குப்பிள்ளை, பால்காரர் எனக் கீழிறங்கி வந்தது.

இரண்டாம் உலகப் போர் இறக்குமதியை முடக்கியது. சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டுத் தயாரிப்பு அரசின் கொள்கையாயிற்று. சென்னையின் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. பிரிட்டிஷ் நிறுவனம் 1946இலேயே ஹெர்குலிஸை வாங்கிவிட்டிருந்ததால் அந்தப் பெயர் அம்பத்தூருக்கு வந்தது. 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு ராலேயின் கைக்குப் போனது, 1960இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கைக்கு வந்தது. பி.எஸ்.ஏ. என்ற பெயர் தமிழ்நாட்டில் இத்தனை ஆழமாக ஊன்றியதன் பின்னணி இதுதான். வங்காளத்தில் சென்-ராலே, ஹரியானாவின் சோனிபட்டில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ என மற்ற நிறுவனங்களும் எழுந்தன. ஹீரோ முதல் ஆண்டில் செய்த சைக்கிள்கள் 639 மட்டுமே. அதே நிறுவனம் 1986இல் உலகிலேயே அதிகச் சைக்கிள் செய்யும் நிறுவனமாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

ஹீரோவைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்கள் இன்றைய பாகிஸ்தானிலுள்ள கமாலியாவைச் சேர்ந்தவர்கள். முதலில் உதிரிபாக வியாபாரத்தில் இறங்கி, பிறகுதான் முழுச் சைக்கிளுக்கு வந்தார்கள். லூதியானாவின் வளர்ச்சியே உதிரிபாகங்களின் வளர்ச்சிதான். ஒரு பட்டறை ஹப் செய்யும், இன்னொன்று நிப்பிள், மற்றொன்று கம்பி. பல சைக்கிள் பாகங்களைச் சிறுதொழில்களுக்கு மட்டுமே என்று மத்திய அரசு ஒதுக்கியிருந்ததும் இதற்குத் துணைசெய்தது. கம்பத்துக் கடையில் அலமாரியில் இருந்த கம்பிக் கட்டும் நிப்பிள் பொட்டலமும் இந்த வலையின் மறுமுனை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் புதுச் சைக்கிள் ஓட்டும் நிலையில் கடைக்கு வருவதில்லை. பிரேம், போர்க், ஹேண்டில்பார், ரிம், ஹப், கம்பி எல்லாம் உதிரியாக வரும். டயரும் சீட்டும் எந்தக் கம்பெனியுடையது என்று வாங்குபவரே தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் "வண்டி பூட்டி"த் தருவார். பூட்டுதல் என்ற சொல் மாட்டை வண்டியில் பூட்டுவதிலிருந்து சைக்கிளுக்குத் தாவியது. பூட்டுவதில் நேரம் பிடிக்கும் வேலை இரண்டு சக்கரங்களையும் கட்டுவது. ஆகவே ஹெர்குலிஸ் வண்டியின் பிரேம் அம்பத்தூரில் பிறந்தாலும் அதன் சக்கரம் உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ பிறந்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

கோட்டம் எடுத்தல்

சக்கரம் கட்டும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. பழைய 28 அங்குல வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். இது பிரிட்டிஷ் மரபு. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியும் கேரியரில் ஏற்றும் மூட்டையும் பின்சக்கரத்தின் மேல் விழுவதால் அங்கே கூடுதல் கம்பிகள். கம்பியை ஆங்கிலத்தில் ஸ்போக்ஸ் என்பர். கடை வழக்கில் அது போக்ஸ் கம்பி, போக்கஸ் கம்பி என மாறிவிட்டது. 28 அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 12 அங்குல நீளக் கம்பி தேவை. சாதாரணமாக 14 கேஜ், அதாவது 2 மி.மீ. பாரம் ஏற்றும் வண்டிக்கு 13 கேஜ், 2.3 மி.மீ.

பின்சக்கரத்தின் 40 கம்பிகளில் 20 இடப்புறம், 20 வலப்புறம். ஒவ்வொரு புறத்திலும் பாதிக் கம்பிகள் முன்னோக்கிச் சாயும், பாதி பின்னோக்கி. ஒவ்வொரு கம்பியும் எதிர்த்திசையில் வரும் மூன்று அல்லது நான்கு கம்பிகளைக் குறுக்கே கடந்து ரிம்மைச் சேரும். கடைசியாகக் கடக்கும் இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். முதல் கம்பியைத் தவறான துளையில் போட்டுவிட்டால் அது கடைசியில்தான் தெரியவரும், மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். காற்றடிக்கும் வால்வுத் துளைக்கு இருபுறமும் கம்பிகள் விலகி நிற்கும்படி தொடங்க வேண்டும். இல்லையென்றால் பம்ப்பின் வாய் உள்ளே நுழையாது. இத்தனையும் கடையில் வேலைபார்த்த பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் எந்தப் படமும் இல்லாமல் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டவை. (அந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்பதையும் மறந்துவிட்டு இந்தக் கடைகளைக் கொண்டாட முடியாது.)

கம்பிகளைக் கோத்தபின் சக்கரம் நேராகச் சுற்ற வேண்டும். அதற்குச் செய்யும் வேலைதான் கோட்டம் எடுப்பது. சில ஊர்களில் பெண்டு எடுப்பது என்பார்கள். கோட்டம் வளைவைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிறது. ஏட்டில் மட்டுமே இருக்கும் என்று எண்ணக்கூடிய ஒரு சொல்லை எண்ணெய்க் கறை படிந்த கைகள் அன்றாடம் பயன்படுத்தி வந்தன.

கருவிகள் எளியவை. பழைய போர்க் ஒன்றைத் தலைகீழாக மரக்கட்டையில் பொருத்தினால் சக்கரம் மாட்டும் தாங்கி தயார். அதுவும் இல்லையென்றால் சைக்கிளையே கவிழ்த்து வைப்பார்கள். ரிம்முக்கு அருகே சாக்குக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் வெளியே துருத்தும் இடத்தில் கோடு விழும். ரிம் இடப்புறம் துருத்தினால் அங்குள்ள வலப்பக்க நிப்பிள்களைச் சிறுசாவியால் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். பக்கவாட்டுக் கோட்டம் போனபின் மேல்கீழ் ஏற்ற இறக்கம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கெடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்துவார்கள், விரலால் சுண்டி ஓசை கேட்பார்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. இழுவிசையை அளக்க மேலைநாட்டுப் பட்டறைகளில் தனிக் கருவி உண்டு. இங்கே காதுதான் கருவி.

பிரேக்கின் வகையும் கோட்டத்தின் கணக்கை மாற்றியது. பழைய வண்டிகளில் கம்பித் தண்டு பிரேக். அதன் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில், ஹப்பை நோக்கிய முகத்தில் பிடிக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் பிரேக் வேலை செய்யும். பின்னர் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற இலகு வண்டிகளில் ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக் பரவியபோது சில மில்லிமீட்டர் கோட்டமே ஒவ்வொரு சுற்றிலும் உரசலாகத் தெரிந்தது. கடைக்காரரின் கை இன்னும் நுணுக்கமாக வேண்டியிருந்தது.

கடை வாழ்ந்த விதம்

சக்கரம் கட்டுவது மட்டும் ஒரு கடையை நடத்தப் போதாது. பஞ்சர் ஒட்டுதல், காற்றடித்தல், செயின் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுதல், கோன், கப், பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்தல் ஆகியவை அன்றாட வருமானம். இவற்றோடு வாடகைச் சைக்கிள். மட்கார்டில் கடையின் பெயரும் எண்ணும் எழுதிய வண்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். எடுத்த நேரமும் திரும்பிய நேரமும் நோட்டில் பதியப்படும். சொந்தச் சைக்கிள் வாங்க முடியாத குடும்பங்களுக்கு வாடகை வண்டிதான் வண்டி. சிறுவர்கள் பெரிய வண்டியின் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியதும் அதில்தான். ராசி அழகப்பனின் "சைக்கிள்" என்ற சிறுகதையைத் தழுவி 2024இல் வெளியான "குரங்கு பெடல்" திரைப்படம் அந்த உலகத்தைத்தான் காட்டுகிறது.

வாடகை வண்டி கடைக்காரருக்கு ஒரு பள்ளிக்கூடமும்கூட. ஊரெல்லாம் ஓட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து திரும்பும் வண்டியைத் தினமும் அவரே சரிசெய்ய வேண்டும். எந்தக் கம்பெனி ரிம் தாங்கும், எது நெளியும் என்பது அவருக்கு அப்படித் தெரிந்தது. புது ரிம் வாங்க வருபவர் அவர் சொல்லைக் கேட்டு வாங்கினார்.

இந்த அறிவு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு யாழ்ப்பாணத்தை நினைவுகூரலாம். 1990களில் போரும் எரிபொருள் தட்டுப்பாடும் நிலவிய ஆண்டுகளில் குடாநாட்டின் போக்குவரத்து பெருமளவு சைக்கிளில் நடந்தது. மின்சாரமும் பேட்டரியும் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். வெளியிலிருந்து சரக்கு வராத ஊரில் பழைய பாகங்களைக் கொண்டு சக்கரத்தை ஓடவைக்கத் தெரிந்தவர் எத்தனை தேவையானவர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டையும் பள்ளிச் சைக்கிளும்

தமிழ்நாட்டுச் சைக்கிளின் வரலாற்றில் பெரிய திருப்பம் புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், பெண்கள் சைக்கிள் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனச் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்னால் குழந்தையை உட்காரவைக்கப் பார் வசதியாக இருக்கிறது என்று அதை விரும்பியவர்களும் இருந்தார்கள் என்பது அந்தப் பதிவின் சுவையான செய்தி.

2001இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அது படிப்படியாக விரிந்து அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கானதாயிற்று. இத்தகைய திட்டங்களின் பயனைப் பீகாரில் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தனர். மாணவியர் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 விழுக்காடு கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்பது அவர்களின் முடிவு. மேகமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்ன பொருள் தரும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

கடைக்காரரின் நிலையில் இத்திட்டம் இருமுனைக் கத்தி. அரசு டெண்டர் மூலம் பெரிய நிறுவனங்களிடம் நேரடியாக வாங்கியதால் புதுவண்டி விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. பள்ளி வளாகத்தில் அவசரமாகப் பூட்டப்பட்ட வண்டிகள் முதல் வாரத்திலேயே அவரிடம் வந்தன. நட்டு இறுக்கவும் கோட்டம் எடுக்கவும் மாணவர்கள் கைக்காசு செலவழிப்பது நாளிதழ்களில் செய்தியாயிற்று. ஊர்க் கடைகளுக்கே பூட்டும் வேலையைக் கூலிக்குக் கொடுத்திருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. தொகையில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. வண்டி பழுதானால் யாரிடம் போவது என்பதும் தெளிவாக இருந்திருக்கும்.

அளவுகள் பெருகின

சைக்கிளை ஓரங்கட்டியது மொபெட். டி.வி.எஸ். 50 வண்டி 1980இல் வந்தது. வாழைத்தாரும் பால் கேனும் புல்லுக்கட்டும் அதற்கு மாறின. 2001 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சைக்கிளும் 11.7 விழுக்காட்டினரிடம் மோட்டார் இருசக்கர வண்டியும் இருந்தன. 2011இல் அவை 44.8, 21.0. பத்தாண்டுகளில் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது, மற்றது ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் மொபெட்டின் சக்கரமும் கம்பிச் சக்கரம்தான். கோட்டம் எடுக்கத் தெரிந்த கை அங்கும் பயன்பட்டது. பல சைக்கிள் கடைகள் இருசக்கர வண்டிக் கடைகளாக உருமாறியதில் இதற்கும் பங்குண்டு.

ஊர்க் கடையை உண்மையில் திணறவைத்தது வேறொன்று என்று கருதுகிறேன். பழைய காலத்தில் ஏறத்தாழ எல்லா வண்டிக்கும் ஒரே சக்கரம், 28 × 1½ அங்குலம். ஹீரோ ஹப்பில் எந்த ரிம்மும் பூட்டலாம், அட்லஸ் வண்டிக்கு ஹெர்குலிஸ் ஆக்சில் சேரும். ஒரு சிறு முதலீட்டில் ஊர் முழுவதற்குமான உதிரிபாகங்களை ஓர் அலமாரியில் வைத்துவிடலாம். எஸ்.எல்.ஆர். வந்தபோது 26 × 1⅜ சேர்ந்தது. மலைச்சைக்கிள் வந்தபோது அதே 26 அங்குலம் என்ற பெயரில் வேறொரு அளவு வந்தது. இரண்டின் டயரும் ஒன்றுக்கொன்று ஏறாது. ஒன்றின் ரிம் விட்டம் 590 மி.மீ., மற்றதுடையது 559 மி.மீ. பிறகு 700சி, 27.5, 29. இதற்கு மேல் டிஸ்க் பிரேக் ஹப், பல பல் கேசட், தட்டைக் கம்பி, தலை வளையாத நேர்க்கம்பி. ஒவ்வொன்றுக்கும் கம்பி நீளம் மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடும். இத்தனையும் வாங்கி அடுக்கக் கம்பத்துக் கடைக்காரரிடம் பணமும் இடமும் இல்லை. வாங்கி வைத்தாலும் அந்த அளவு கேட்டு ஆள் வருவது எப்போதோ ஒருமுறை.

இணையத்தில் கட்டி முடித்த சக்கரம் வாங்குவது பெருகியது இந்த இடைவெளியில்தான். அதில் வசதி இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இயந்திரம் கட்டிய விலை குறைந்த சக்கரங்களில் கம்பிகளின் இழுவிசை குறைவாகவும் சீரின்றியும் இருப்பது உலகெங்கும் சொல்லப்படும் குறை. சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டிவரும். வாங்கியவர் கடைசியில் தேடிப் போவது கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒருவரைத்தான். விற்பனையின் லாபம் வேறிடம் போக, இந்தச் சில்லறை வேலை மட்டும் கடைக்கு மிஞ்சுகிறது. பொருள் விற்ற லாபத்தில்தான் பழுதுபார்க்கும் கூலியைக் குறைவாக வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு உடைந்ததும் கடைக்காரரின் மகன் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

கொரோனா காலத்தில் ஒரு விநோதம் நடந்தது. 2020இல் ஊரடங்குக்குப் பின் நகரங்களில் சைக்கிளுக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூன் 3, உலக சைக்கிள் நாளன்று, அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. பழைய 28 அங்குல வண்டியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. புதிய கிராக்கி கியர் வண்டிக்கானது.

இன்று மேகமலைச் சாலையில் கியர் சைக்கிள்களில் ஏறுபவர்களைக் காணலாம். அவர்களின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் சிறு கோட்டம் இருந்தாலும் பிரேக் உரசாது. ஆனால் பிரேக்கின் முறுக்கு முழுவதும் ஹப்பிலிருந்து கம்பி வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. இறக்கத்தில் தளர்ந்த கம்பி அறுவதற்கு அதுவே போதும். அப்படிச் சின்னமனூரில் ஒரு கம்பி அறுந்து நிற்கும் 700சி வண்டிக்கு வேண்டிய கம்பி பெரும்பாலும் 290 மி.மீ.யை ஒட்டிய நீளம். அந்த அளவு கடையில் இருக்காது. 28 அங்குல வண்டிக்கான 12 அங்குலக் கம்பி ஏறத்தாழ 305 மி.மீ. தடிமன் அதே 2 மி.மீ. நுனியை வெட்டி, மரை உருட்டும் சிறு கருவியால் புது மரை போட்டு, பழைய கம்பி போன வழியிலேயே கோத்து இறுக்கினால் வண்டி ஓடும். அந்தக் கருவியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் உள்ள கடை அரைமணி நேரத்தில் இந்த வேலையை முடித்துவிடும். இல்லாத ஊரில் சக்கரம் பெட்டியில் வரும்வரை வண்டி நிற்கும்.